ஷர்ஷென் தொடாத சோப்புப் பெட்டி

"இந்த ஏரி உறைஞ்சு, அது மேல நீங்கல்லாம் லாரி ஓட்டிட்டுப் போற அன்னைக்குத்தான் இந்த ஷர்ஷென் கையில சோப்புப் பெட்டியப் பார்ப்பீங்க. அதுக்கு முன்னால பார்த்தீங்கன்னா, என் தலையில இருக்கிற தொப்பியக் கழட்டி அதுல நாய்க்குக் கஞ்சி ஊத்துங்க."

ஷர்ஷென் தினாலியெவ் எழுந்து நின்று இதை அறிவித்தது கரகோல் நகரத்தின் பெரிய கல்யாண மண்டபத்தில், இருநூற்று நாற்பது பேர் முன்னிலையில், மேசை நடுவே தட்டில் கிடந்த ஆட்டுத்தலை சாட்சியாக. எங்கள் இசிக்-குல் ஏரி எந்தக் குளிருக்கும் உறையாது. அது அங்கே குடித்துக் கவிழ்ந்து கிடந்தவர்களுக்கும் தெரியும். வெள்ளைக் கம்பளித் தொப்பியைத் தரையில் வைத்தாலே வீட்டுக்கு ஆகாது என்று பதறுகிற ஊர் இது. அந்தத் தொப்பியில் நாய்க்குக் கஞ்சி என்று ஒருவர் சொன்னால், அவர் விளையாடவில்லை என்று அர்த்தம்.

சோப்புப் பெட்டி என்பது சட்டைப்பையில் அடங்கும் சின்ன டிஜிட்டல் கேமராவுக்கு நாங்கள் வைத்த பெயர். ஷர்ஷெனைக் கேட்டால் அது சோப்புக்கு அவமானம் என்பார். சோப்பு அழுக்கை எடுக்கும், இந்தச் சனியன் அழுக்கைச் சேர்க்கிறது என்பார்.

அன்றைக்கு அவருக்கு ஆத்திரம் வந்ததில் நியாயம் இருந்தது. மணப்பெண் காதில் மாமியார் தோடு மாட்டும் நேரம். கல்யாணத்தில் அந்த ஒரு நொடியைத்தான் குடும்பம் ஐம்பது வருஷம் சுவரில் மாட்டி வைக்கும். அந்தக் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்த ஷர்ஷென், லென்ஸைக் கழற்றி மாட்டுகிற தம் பெரிய எஸ்.எல்.ஆர். கேமராவைக் கண்ணில் வைத்து, மூச்சைப் பிடித்து, விரலை அழுத்தப் போன அதே நொடியில் அவருக்கு முன்னால் பதினோரு கைகள் நீண்டன. பதினோரு சோப்புப் பெட்டிகள். ஆட்டுக்கொழுப்பு வழியும் விரல்கள். படத்தில் விழுந்தது தோடும் இல்லை, காதும் இல்லை. யாரோ ஒரு பெரியம்மாவின் அக்குள்தான் விழுந்தது, வியர்வை வட்டத்தோடு, மிகத் துல்லியமாக.

அதிலிருந்து சோப்புப் பெட்டியைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும்.

குமட்டல் அவருக்குப் புதிதல்ல. அவருடைய வாழ்க்கையை எழுதப் புகுந்தால் அது ஒரு குமட்டலிலிருந்து அடுத்த குமட்டலுக்குப் போன பயணமாகத்தான் வரும். பட்டாளத்தில் இருந்தபோது, வடக்கே சீதா என்கிற தூர நகரத்தில், பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரிக் குளிரில், ஒரு தளபதியின் படத்தை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். தளபதியின் மூக்கில் தொங்கிய பனித்துளியும் படத்தில் வந்துவிட்டது. தண்டனையாக மூன்று மாதம் உருளைக்கிழங்கு உரித்தார். பிறகு ஊருக்கு வந்து கூட்டுப்பண்ணையின் கௌரவப் பலகைக்காக அதிகம் பால் கறந்தவர்களைப் படம் பிடித்தார். பண்ணை போனது, பலகை போனது. திருமணப் பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை பிடித்து பாஸ்போர்ட் படம் எடுத்தார். உள்ளே வந்து உட்காருகிற ஒவ்வொருவனும் அவருடைய சீப்பை எடுத்துத் தலை வாரிவிட்டு, பொடுகை அதிலேயே விட்டுவிட்டுப் போவான். சனி ஞாயிறுகளில் கல்யாணம். மாப்பிள்ளை தொலைவில் நிற்பான், மணப்பெண் உள்ளங்கையை நீட்டுவாள், அவள் கையில் மாப்பிள்ளை சுண்டெலி மாதிரி நிற்பதாகப் படம் வர வேண்டும். இருபது வருஷத்தில் நானூறு மாப்பிள்ளைகளை நானூறு உள்ளங்கைகளில் நிற்க வைத்த பிறகு, மனித குலத்தின் ரசனையைப் பற்றி ஒருவருக்கு என்ன மிச்சம் இருக்கும்.

மிச்சம் இருந்தது எஸ்.எல்.ஆர். மேல் அவர் வைத்திருந்த பக்தி ஒன்றுதான். கழுத்தில் அது தொங்கினால் விருந்தில் இறைச்சி பரிமாறும்போது இடுப்பு எலும்புத் துண்டு வரும், பெரிய மனிதர்களுக்கு வருகிற துண்டு. சோப்புப் பெட்டிக்காரனுக்கு முதுகெலும்புக் கணுதான். எங்கள் ஊர் எல்லோரையும் அளந்துதான் வைத்திருக்கிறது.

அப்படிப்பட்ட எஸ்.எல்.ஆர். ஒரு நாள் கல்யாணத்தின் நடுவே 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு உயிரை விட்டது.

அந்த நேரத்தில் அவருடைய மகன் தாலாய் அயல்நாட்டில், சுர்குத் நகரத்தில் குழாய் பதிக்கிற வேலையில் இருந்தான். மனைவி ஜிபார் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது போனவன். பிள்ளை பிறந்தது, எலாமான் என்று பெயர் வைத்தார்கள், தகப்பன் இன்னும் முகம் பார்க்கவில்லை. அவன் பணம் அனுப்பினான், கூடவே ஒரு வேண்டுகோளும்: ஜிபாருக்கு ஒரு சின்ன கேமரா வாங்கிக் கொடுங்கள், அவள் வாராவாரம் பிள்ளையைப் படம் எடுத்து இன்டர்நெட் கடையிலிருந்து அனுப்பட்டும்.

ஷர்ஷென் தலைநகரமான பிஷ்கேக்குக்குப் பஸ் ஏறினார். கடையில் இடது பக்கக் கண்ணாடி அலமாரியில் சோப்புப் பெட்டிகள், சிவப்பு, நீலம், வெள்ளி என்று மிட்டாய் மாதிரி. வலது பக்கம் எஸ்.எல்.ஆர்.கள், கறுப்பாக, கனமாக, மரியாதையாக. நடுவில் ஷர்ஷென்.

"ஐயா, இது பாக்கெட்லயே அடங்கும்" என்றாள் கடைப் பெண், ஒரு சிவப்புப் பெட்டியை எடுத்து.

"பாக்கெட்ல அடங்குறதுக்குப் பேரு கைக்குட்டை."

"ஆளு சிரிச்சா அதுவே கண்டுபிடிச்சுப் படம் எடுத்துக்கும் ஐயா. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்."

"நான் ஒண்ணும் பண்ண வேணாம்னா நான் எதுக்கும்மா? எங்க பக்கம் கல்யாணப் பொண்ணு தலையக் குனிஞ்சு நிக்கணும். அவ சிரிச்சா மாமியாருக்கு மூச்சு நின்னுரும். உன் பெட்டி அதையும் படம் எடுக்குமா?"

"எடுக்கும் ஐயா" என்றாள் அந்தப் பெண், கொஞ்சமும் யோசிக்காமல்.

மகன் அனுப்பியது சின்னதுக்குப் போதும். பெரியதற்கு, அதுவும் யாரோ பயன்படுத்தி விற்றதற்கு, இன்னும் இரண்டு ஆடு விற்க வேண்டும். ஷர்ஷென் ஊருக்குப் போன் போட்டு இரண்டு ஆடுகளை விற்கச் சொன்னார். இரண்டு நாள் மச்சினன் வீட்டில் தங்கி, மூன்றாம் நாள் நாலு கிலோ எஸ்.எல்.ஆரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெற்றியோடு திரும்பினார்.

ஜிபார் அதைப் பார்த்தாள். மருமகள் மாமனாரிடம் நேராகப் பேசுவது எங்கள் வழக்கம் இல்லை. அவர் பெயரையும் வாயில் எடுக்கக் கூடாது. ஷர்ஷென் என்றால் புதன்கிழமையில் பிறந்தவன் என்று பொருள், ஆகையால் அவள் புதன்கிழமையையும் சொல்ல மாட்டாள், செவ்வாய்க்கு மறுநாள் என்பாள். முன்பெல்லாம் சொல்ல வேண்டியதை மாமியார் புருல் வழியாகச் சொல்லி அனுப்புவாள். பிள்ளை பிறந்த பிறகு அவளுக்குச் சொந்தமாக ஒரு தபால்பெட்டி கிடைத்துவிட்டது.

"எலாமான் கண்ணு, பாருடா, அம்மாவுக்குக் கேமரா வந்திருக்கு" என்றாள் மடியில் இருந்த குழந்தையிடம். "ரெண்டு கையாலயும் தூக்கினாத்தான் அம்மாவால தூக்க முடியும். அப்புறம் உன்ன யாரு தூக்கறது? கேட்டுச் சொல்லு."

"படம் நான் எடுக்கறேன்னு சொல்லுடா" என்றார் ஷர்ஷென், அதே குழந்தையிடம்.

எடுத்தார். அங்கிருந்துதான் வம்பு ஆரம்பம்.

எலாமான் சாதாரணமாகவே சிரித்த முகம். பக்கத்து வீட்டு வாத்தைப் பார்த்துச் சிரிப்பான், கதவு கிறீச்சிட்டால் சிரிப்பான், தாத்தா தும்மினால் விழுந்து விழுந்து சிரிப்பான். ஆனால் தாத்தா எஸ்.எல்.ஆரைத் தூக்கிக் கண்ணில் வைத்த மறு நொடி வாயைத் திறந்து அலறுவான். ஷர்ஷென் அதைப் பொருட்படுத்தவில்லை. குழந்தை என்றால் அழும். ஒளி சரியாக இருக்கிறதா, கூர்மை சரியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டும் சரியாக இருந்தன. எட்டு மாதத்தில் எட்டுப் படம் சுர்குத்துக்குப் போனது. எட்டிலும் எலாமான் அழுதான். ஒவ்வொரு கண்ணீர்த் துளியையும் எண்ணலாம். ஐந்தாவது படத்தில் மூக்கிலிருந்து மேலுதடு வரை இறங்கிய சளியில் ஜன்னல் சட்டமும், சட்டத்துக்கு அப்பால் தியான்ஷான் மலையும் தெரிந்தன. ஷர்ஷென் அதைத் தம் வாழ்நாளின் சிறந்த படம் என்று கருதினார். பார்த்த மற்றவர்கள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்கள்.

ஆகஸ்டில் தாலாய் போன் செய்தான்.

"அப்பா, உண்மையச் சொல்லுங்க. புள்ளைக்கு என்ன வியாதி?"

"வியாதியா? குரல் வளம்டா."

"எல்லாப் படத்துலயும் அழறான். ஒண்ணுல கூட வாய மூடல. இங்க ரூம்ல இருக்கிறவனுங்க பார்த்துட்டு, இது குடல் சம்பந்தப்பட்டதுங்கறானுங்க."

"குழாய் பதிக்கிறவனுங்களுக்குக் குடலப் பத்தி என்ன தெரியும்? படத்தப் பாரு. கண்ணுல வெளிச்சம் விழுந்திருக்கிறதப் பாரு."

"எனக்கு வெளிச்சம் வேணாம்ப்பா. அவன் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. எதையோ மறைக்கிறீங்க. சிரிக்கிற படம் ஒண்ணு, ஒரே ஒண்ணு, அடுத்த மாசத்துக்குள்ள அனுப்புங்க. இல்லன்னா வேலைய விட்டுட்டு ரயில் ஏறிருவேன்."

வேலை பிப்ரவரி வரை. பாதியில் விட்டு வந்தால் அதுவரை உழைத்ததன் பெரும்பகுதி போய்விடும், மறுபடி அங்கே நுழையவும் முடியாது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். புருல் அன்று முழுக்கச் சமையலறையில் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரத்தில் சுர்குத்திலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவன் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொண்டு வந்து கொடுத்தான். தாலாய் ஜிபாருக்கு அனுப்பியது. பிரித்தால் ஒரு சோப்புப் பெட்டி. ரோஜா நிறம். முழுக்க ரோஜா நிறம், கயிறு உட்பட. மூடி ஓரத்தில் பளபளப்பாக ஒரு பட்டாம்பூச்சி.

ஷர்ஷென் அதைத் தட்டில் விழுந்த பல்லியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். பிறகு மேசையில் இருந்த ரொட்டி மேல் கை வைத்தார்.

"என் கூரைக்குக் கீழ, என் பேரன இதால யாராவது படம் எடுத்தீங்கன்னா, இந்த வீட்டு ரொட்டிய நான் அப்புறம் தொட மாட்டேன்."

ரொட்டி மேல் கை வைத்த பிறகு மருமகளால் என்ன செய்ய முடியும். ஜிபார் அந்தப் பெட்டியைச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்த மெத்தைகளில் மூன்றாவதற்கும் நாலாவதற்கும் நடுவே செருகி வைத்தாள். "எலாமான், உனக்கு நல்ல யோகம்டா" என்றாள் குழந்தையிடம். "உங்கப்பா உன்னப் பார்க்கணும்னா உனக்குத் தாடி முளைக்கணும்."

"சிரிக்கிற படம்தானே வேணும்? எடுக்கறேன்" என்றார் ஷர்ஷென். "கால் கயிறு அறுக்கிற விருந்துல எடுக்கறேன். அன்னைக்கு அவன் சிரிப்பான். சிரிக்காம எங்க போயிருவான்."

எலாமான் சுவரைப் பிடிக்காமல் நான்கு அடி வைத்திருந்தான். ஆகவே செப்டம்பர் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை விருந்து என்று குறித்தார்கள். கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கம்பளிக் கயிறால் குழந்தையின் இரண்டு காலையும் கட்டி முற்றத்தில் நிறுத்துவார்கள். தெருமுனையிலிருந்து பிள்ளைகள் ஓடி வருவார்கள். முதலில் வந்து சேருகிற பிள்ளை கத்தியால் கயிறை அறுக்கும், குழந்தை தன் வாழ்க்கைக்குள் நடந்து போகும். ஒரு முறைதான். அறுத்த கயிறை மறுபடி கட்டி, 'ஃபோட்டோவுக்காக இன்னொரு தடவை' என்று அறுக்க முடியாது. ஷர்ஷெனுக்கு அது பிடித்திருந்தது. ஒரே நொடி, ஒரே விரல். சோப்புப் பெட்டிகளின் கூட்டம் திணறிப் போகிற இடம் அது. சனிக்கிழமையே கேமராவில் எல்லாவற்றையும் சரி செய்து, மூடியை மாட்டி, பையில் வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை ஆட்டை அறுத்து, வால் கொழுப்பைச் சமையலறைக்குக் கொடுத்துவிட்டு, மீதியை வெட்ட அவர் கொல்லைப்பக்கம் போன நேரத்தில், புருல் அந்தப் பையைத் திறந்தாள்.

அவளுக்கு விஷயம் எப்போதோ விளங்கிவிட்டது. குழந்தை ஏன் அழுகிறது? அந்தக் கறுப்புக் கண்ணைப் பார்த்து அழுகிறது. அந்தக் கண் யாருடையது? பழைய கேமரா, யாரோ வைத்திருந்தது. அது யார் வீட்டுச் சாவையெல்லாம் பார்த்ததோ, எந்த மலடியின் ஏக்கத்தைப் பார்த்ததோ, யார் கண்டார்கள். வீட்டுக்குள் வந்த எதற்கும் திருஷ்டி கழிக்க வேண்டும், கேமராவுக்கு மட்டும் இந்த மனிதர் கழிக்கவே விடவில்லை. புருல் கரண்டியில் தணல் எடுத்து, பீடை கழிக்க எங்கள் ஊரில் புகைக்கிற மலை மரமான ஆர்ச்சாவின் காய்ந்த தழையைப் போட்டாள். புகை எழுந்தது. பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தித் திருகினால் லென்ஸ் கழன்று வரும் என்பதை அவர் செய்யும்போது நூறு தடவை பார்த்திருக்கிறாள். கழற்றினாள். திறந்த வாய்க்குள் மூன்று தடவை புகையைக் காட்டினாள், "போற பீடை இதோட போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே. சாம்பல் கொஞ்சம் உள்ளே பறந்தது, அதனால் என்ன. பிறகு, வீட்டுக்கு வந்த பொருளுக்கு மங்களமாக, ஆட்டுவால் கொழுப்பை விரல் நுனியில் எடுத்து, சரியாக அந்தக் கண்ணின் நடுவில் ஒரு பொட்டு வைத்தாள். திரும்பப் பூட்டி, மூடியை மாட்டி, பையில் வைத்தாள். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

முற்றம் நிறைந்தது. சம்பந்தி ஒஸ்மோனாலி வந்துவிட்டார், ஜிபாரின் அப்பா. கரகோலில் பாதி கல்யாணங்களுக்கு மேடையில் நின்று பேசுகிறவர் அவர்தான். சம்பந்தியைச் சீண்டுவது தம் கடமை என்று நினைப்பவர், கடமையில் ஒரு நாளும் தவறியதில்லை. கையில் ஒரு சோப்புப் பெட்டி.

"யோவ் சம்பந்தி, கழுத்துல என்ன, மாட்டுக்குக் கட்டுற மணியா?"

"தள்ளி நில்லுங்க. அந்த எச்சப் பெட்டிய என் முன்னாடி நீட்டினீங்கன்னா கைய மடக்கிருவேன்."

"நீங்க மடக்குங்க. அதுக்குள்ள நான் மூணு படம் எடுத்துருவேன். உங்களுக்கு மூடியக் கழட்டவே செவ்வாய்க்கு மறுநாள் ஆயிரும்." எல்லோரும் சிரித்தார்கள். மருமகள் சொல்வதை மாமனார் முன்னால் அவளுடைய அப்பாவே எடுத்துச் சொல்வது அவருக்குப் பிடித்த வேடிக்கை.

எலாமானை நிறுத்தினார்கள். காலில் கயிறு. ஜிபார் பின்னால் இருந்து அவன் அக்குளைப் பிடித்துக்கொண்டாள். தெருமுனையில் கூச்சல் கிளம்பியது, புழுதி கிளம்பியது. ஷர்ஷென் மண்டியிட்டார். மூடியைக் கழற்றினார். கேமராவைக் கண்ணில் வைத்தார்.

ஆட்டுச் சூப்புக்குள் முங்கி உலகத்தைப் பார்ப்பது மாதிரி இருந்தது. கலங்கலான மஞ்சள். நடுவில் ஒரு எண்ணெய் வட்டம். அங்கங்கே கரும்புள்ளிகள் மிதந்தன. லென்ஸ் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் உறுமியது.

இறக்கிப் பார்த்தார். கண்ணாடியில் கொழுப்பு. கட்டை விரலால் துடைத்தார், அது பரவியது. சட்டை நுனியால் துடைத்தார், சட்டையில் காலையில் அறுத்த ஆட்டின் ரத்தம், அதுவும் சேர்ந்தது. அவர் முகம் சுருங்கியது, மூக்கு மேலே ஏறியது, உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, நாக்கு வெளியே வந்தது. தம் வாழ்நாளின் எல்லா அருவருப்பும் ஒன்றாகச் சேர்ந்து அந்த முகத்தில் வந்து உட்கார்ந்தது.

எலாமான் அந்த முகத்தைப் பார்த்தான். சிரித்தான். இரண்டே இரண்டு பல்லைக் காட்டி, வயிறு குலுங்க, ஜிபாரின் கையிலிருந்து நழுவுகிற அளவுக்குச் சிரித்தான். முற்றமே பார்த்தது.

"எடுங்க, எடுங்க" என்று நாலு பேர் கத்தினார்கள். ஷர்ஷென் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தார். சிரிப்பு நின்றது. அலறல் எழுந்தது. நெட்டைக் கால்களோடு ஒரு பெண் பிள்ளை பாய்ந்து வந்து கயிறை அறுத்தது. எல்லாம் முடிந்தது.

"எலாமான், பயப்படாதடா" என்று ஜிபார் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டினாள். "தாத்தா மூஞ்சி எங்கயும் போயிரல. அந்தக் கறுப்புக் கேமராவுக்குப் பின்னாடிதான் இருக்கு. அதக் கீழ இறக்கற வரைக்கும் வெளிய வராது."

ஷர்ஷென் அதைக் கேட்டார். கேட்காதவர் மாதிரி லென்ஸை முகர்ந்து பார்த்தார்.

ஒஸ்மோனாலி சிரிப்பு வந்த நொடியிலேயே தம் பெட்டியை அழுத்தியிருந்தார். ஆனால் சோப்புப் பெட்டி அழுத்தினவுடன் எடுக்காது, கொஞ்சம் யோசித்துவிட்டு எடுக்கும். அது யோசித்து முடித்தபோது ஷர்ஷென் குறுக்கே குனிந்திருந்தார். படத்தில் குழந்தை இல்லை. சம்பந்தியின் பின்பக்கம் இருந்தது, பிரம்மாண்டமாக, வெயில் பட்டு. மற்றவர்களின் பெட்டிகளில் ஓடி வந்த பிள்ளைகளும் புழுதியும்தான் விழுந்திருந்தன.

"யோவ் சம்பந்தி, மாப்பிள்ளைக்கு இத அனுப்பட்டா? இதுலயாவது அழுகை இல்ல."

விருந்தினர்கள் போன பிறகு ஷர்ஷென் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"கண்ணாடியில கொழுப்பு எப்படி வந்துச்சு?"

"நான்தாங்க வச்சேன்" என்றாள் புருல், கழுவின கிண்ணங்களை அடுக்கிக்கொண்டே. "நல்ல வால் கொழுப்பு. இன்னைக்கு அறுத்த ஆடு."

"உள்ள சாம்பல்?"

"ஆர்ச்சா. மூணு சுத்து. பீடை போகணும்ல."

ஷர்ஷென் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கை அந்த வாயை மூடியது.

"பீடை போகலையே" என்றார் கடைசியில்.

"அது அந்தக் கண்ணுல இருக்குதுங்க. நான் கண்ணத்தான் சுத்தம் பண்ண முடியும், பிடுங்கவா முடியும்?"

சாயங்காலம் தாலாய் கூப்பிட்டான். படம் எங்கே என்று கேட்டான். இல்லை என்றார்கள். குழந்தை சிரித்தது, எல்லோரும் பார்த்தோம், படத்தில்தான் வரவில்லை என்று புருல் எடுத்துச் சொன்னாள்.

"அம்மா, எல்லாரும் பார்த்தோம்னு சொல்றீங்க. முப்பது பேர் கேமராவோட நின்னீங்க. ஒருத்தர்கிட்டயும் இல்ல. இத நான் நம்பணும்." அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "வெள்ளிக்கிழமை ரயிலுக்குச் சொல்லி வச்சுட்டேன். வியாழக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்."

ஷர்ஷென் திங்களும் செவ்வாயும் கேமராவைப் பிரித்து உட்கார்ந்திருந்தார். பஞ்சு, சாராயம், கம்பளி முடி சுற்றிய தீக்குச்சி. கொழுப்பு போனது. ரத்தக் கறை போனது. சாம்பல் பெரும்பாலும் போனது. அந்த இரண்டு நாளும் வீடு முழுக்க வெந்த ஆட்டு வாடையும் சாராய வாடையும் அடித்தன. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செவ்வாய்க்கு மறுநாள், அதாவது அவருடைய கிழமையன்று காலையில், புருல் விருந்துக்கு வாங்கின கிண்ணங்களைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீடுகளுக்குப் போனாள். ஜிபார் மாட்டுக்குத் தவிடு வாங்கப் போனாள். குழந்தை கம்பளத்தில் உட்கார்ந்து ஒரு மரக்கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. இதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது.

ஷர்ஷென் எஸ்.எல்.ஆரைத் தூக்கினார். எலாமான் கரண்டியை விட்டுவிட்டு அலறினான். இறக்கினார். அலறல் நின்றது. விக்கிக்கொண்டே அவர் முகத்தைத் தேடிப் பார்த்தான், கண்டுபிடித்தான், மறுபடி கரண்டியை எடுத்தான். தூக்கினார். அலறல். இறக்கினார். அமைதி. ஆறு தடவை செய்து பார்த்தார். ஆறாவது தடவை இறக்கியபோது குழந்தை கம்பளத்தில் தவழ்ந்து வந்து, எச்சில் கையால் அவர் கன்னத்தைத் தொட்டு, மூக்கைப் பிடித்து இழுத்தது. மூக்கு இருந்த இடத்தில்தான் இருக்கிறதா என்று சரிபார்க்கிற மாதிரி.

எச்சில் சட்டைக் காலருக்குள் இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

எழுந்து போய் வாசலைப் பார்த்தார். தெருவில் ஒரு வாத்தைத் தவிர யாருமில்லை. கதவைச் சாத்தினார். சுவரோர மெத்தை அடுக்கில் மூன்றாவதற்கும் நாலாவதற்கும் நடுவே கையை விட்டார்.

ரோஜா நிறம் பகல் வெளிச்சத்தில் இன்னும் கேவலமாக இருந்தது. நான்கு விரலுக்கு மேல் அதில் வைக்க இடமில்லை. கண்ணில் வைத்துப் பார்க்கத் துவாரம் கூட இல்லை, பின்பக்கம் ஒரு தபால்தலை அளவுத் திரை. பொத்தானை அழுத்தியதும் உள்ளிருந்து சின்னதாக ஒரு இசை வந்தது. அவருக்கு உடம்பு கூசியது. கையை நீட்டிப் பிடித்தார், பிச்சைக்காரன் திருவோட்டை நீட்டுகிற மாதிரி. அந்த ஜனங்கள் அப்படித்தான் பிடிக்கிறார்கள், வருஷக்கணக்காக அவர் முன்னால் அப்படித்தான் நீட்டினார்கள். முகத்தை மறைக்க ஒன்றும் இல்லை. முகம் வெட்டவெளியில் நின்றது, அருவருப்பு முழுதும் அதில் எழுதியிருந்தது.

எலாமான் சிரித்தான்.

அழுத்தினார். பெட்டி யோசித்தது, யோசித்து முடித்து எடுத்தது. திரையில் அவருடைய கட்டை விரல். இரண்டாவதில் கூரையும் குழந்தையின் வலது காதும். மூன்றாவதில் எலாமான் இருந்தான், சாய்ந்து, பாதி கலங்கி, நெற்றி வெளுத்து, கன்னமெல்லாம் எச்சில், இரண்டு பல்லும் வெளியே, கண் மூடிப் போகிற அளவுக்குச் சிரிப்பு. வெளிச்சம் தப்பு, கூர்மை தப்பு, சட்டகம் தப்பு. வேறு யாராவது இதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்கு வந்திருந்தால் வெளியே துரத்தியிருப்பார்.

ஷர்ஷென் அதை வெகு நேரம் பார்த்தார். அழிக்கிற பொத்தான் எது என்று அவருக்குத் தெரியும். விரல் அந்தப் பக்கம் போகவில்லை.

"ஏய், இந்தப் பக்கம் பாருடா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கையை மறுபடி நீட்டினார்.